மறுபடியும் கைநாட்டு

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் பாட்டனார் காலத்தில் ஒருவரைக் 'கைநாட்டு' என்று சொன்னால் அது ஏச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர், பத்திரத்தில் மையைத் தொட்டு இடது பெருவிரலை வைப்பவர் என்று பொருள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட இரவில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினார்கள். முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட அன்று அவர்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இன்றைக்கு பி.இ. படித்த பிள்ளை காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை கைநாட்டு வைத்துக்கொண்டே இருக்கிறான், போனில். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கைநாட்டு எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று தெரியாமல் வைக்கிறோம். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கைரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் கலை பெரும்பகுதி நம் நாட்டில் வளர்ந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டுவர ஒப்பந்தம் போட்ட ஒருவரின் உள்ளங்கையைப் பத்திரத்தில் பதிய வைத்தார். பின்னாளில் பேச்சு மாறாமல் இருக்கவேண்டும் என்பதே நோக்கம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே ஆயிரக்கணக்கான ரேகைகளை வகை பிரித்து, வேண்டியதைச் சட்டென்று எடுக்கும் முறையை உருவாக்கியதில் இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒருவர் காஜி அஜிஸுல் ஹக். மற்றவர் ஹேம் சந்திர போஸ். உலகம் அதற்கு வைத்த பெயரோ மேலதிகாரி ஹென்றியின் பெயர். நம் பிள்ளைகள் காஜி சாஹிபின் பெயரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்பதற்காகச் சொன்னேன். விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் இது பரவலானது 2013இல் ஐபோன் 5எஸ் வந்த பிறகு. வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியைச் சேர்ந்த கணினிக் குழு ஒன்று, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் எடுத்து, அதிலிருந்து போலி விரல் செய்து அந்தப் போனைத் திறந்து காட்டியது. அதனால் பயந்துவிட வேண்டாம். நம் போனைத் திறக்க யாரும் ஆய்வுக்கூடம் வைத்து உட்கார்ந்திருக்கவில்லை. நமக்கு வரும் தொல்லை வேறு. நம் விரலுக்கே நம் போன் திறப்பதில்லை.

ஏன் என்று பாருங்கள். விரல் நுனியில் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் இருக்கின்றன. சில போன்கள் அதை மின்சாரத்தின் அளவை வைத்துப் பார்க்கின்றன. சில, திரைக்கு அடியிலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்க்கின்றன. விலை உயர்ந்த சில போன்கள் ஒலி அலையைப் பயன்படுத்துகின்றன. எப்படிப் பார்த்தாலும் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒளுச் செய்துவிட்டு ஹவ்ளுப் பக்கமிருந்து வரும்போது போன் அடிக்கும், ஈர விரலை வைப்போம், திறக்காது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அதற்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. தொழப் போகிறவரைத் தடுக்கவில்லை என்று அந்தப் போனுக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

ஈரம் துடைத்தால் போய்விடும். தேய்ந்த ரேகைக்கு என்ன செய்வது? நம்மூரில் சிமெண்ட் கலக்கும் கைகள், சுரங்கத்தில் ஒப்பந்த வேலை செய்யும் கைகள், நாள் முழுவதும் பாத்திரம் துலக்கும் கைகள் எத்தனை! பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். முந்திரி ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்து, விரல் நுனி உரிந்து கருத்துப் போயிருக்கும். வயது கூடினாலும் தோல் காய்ந்து, கோடுகள் மழுங்கும். மருந்துகூட ரேகையை எடுத்துவிடும். 2008 டிசம்பரில் சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு பெரியவர் அமெரிக்கா போனபோது அவருக்கு ரேகையே விழவில்லை; நான்கு மணி நேரம் விமான நிலையத்தில் நிறுத்திவைத்தார்கள். புற்றுநோய்க்கு அவர் சாப்பிட்டுவந்த கேப்பசிடபின் என்ற மாத்திரை கைத்தோலைப் பாதித்திருந்தது. மருத்துவ இதழிலேயே இது வெளிவந்தது. கையால் உழைத்தவருக்கும் நோயோடு போராடுபவருக்கும்தான் இந்தக் கருவி முதலில் 'இல்லை' சொல்கிறது. என் விரல் சரியில்லை என்று அவர்கள் குறுகிப்போக வேண்டாம். கருவிக்குத்தான் அவர்களைப் படிக்கத் தெரியவில்லை.

இதற்குச் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதிகம் தேயும். மோதிர விரலையோ சுண்டு விரலையோ பதிந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் நாலைந்து விரல் பதியலாம். ஒரே விரலையே இரண்டு தடவை, கொஞ்சம் சாய்த்தும் நேராகவும் பதிந்துவைத்தால் திறப்பது கூடும். கையைக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு பதியுங்கள். காய்ந்த கைக்குச் சிறிது தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வையுங்கள். மருதாணி வைத்த கையோடு புதிதாகப் பதியாதீர்கள், அது உதிர்ந்து நிறம் மங்கியபின் மறுபடி தகராறு செய்யும். திரைக்கு மேல் ஒட்டும் கண்ணாடியையும் கவனியுங்கள். 2019இல் சாம்சங்கின் எஸ்10 வகைப் போனில் ஒருவகை சிலிக்கான் உறையைத் திரைமேல் போட்டால் யார் விரல் வைத்தாலும் திறந்தது. நிறுவனம் பிறகு சரிசெய்தது. ஆனாலும் கடையில் இருபது ரூபாய்க்கு ஒட்டிக்கொள்ளும் முன் யோசிக்கலாம்.

ரேஷன் கடையில் விரல் விழாததும், ஓய்வூதியர்களின் வாழ்வுச் சான்றில் விரல் விழாததும் இதே தொல்லையின் அடுத்த முகம். ரேஷனுக்கு முடியாதவர் சார்பில் வேறொருவரை எழுதிக்கொடுத்து அனுப்ப வழி உண்டு. வாழ்வுச் சான்றை 2021 நவம்பரிலிருந்து போன் கேமராவில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். நம் ஓய்வு பெற்ற சகோதரர்கள் பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. விரலைத் தேய்த்துத் தேய்த்து அலைய வேண்டாம்.

முகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'விரல் வேண்டாம், முகத்தை வைத்துத் திறந்துகொள்கிறேன்' என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். முகத்தில் இரண்டு வகை உண்டு. ஐபோன் போன்றவை கண்ணுக்குத் தெரியாத ஒளிப் புள்ளிகளை முகத்தில் வீசி மேடு பள்ளத்தை அளக்கின்றன. நம் வீடுகளில் இருக்கும் குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலும் வெறும் செல்ஃபி கேமராதான். 2019இல் நெதர்லாந்து நுகர்வோர் அமைப்பு 110 போன்களைச் சோதித்ததில் 42 போன்கள், சொந்தக்காரரின் புகைப்படத்தைக் காட்டினாலே திறந்துகொண்டன. கல்யாண ஆல்பம் இருந்தால் போதும்! ஐபோனிலும் இரட்டையர்கள், சாயலில் ஒத்த உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் தவறு நேரும் வாய்ப்பு கூடுதல் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. முகத்தை மூடும் சகோதரிகளுக்குக் கடைத்தெருவில் நின்று முகத்தைக் காட்டித் திறப்பது ஆகிற காரியமும் இல்லை. குறைந்த விலைப் போன் வைத்திருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம்: முகத்தை அணைத்துவைத்துவிட்டு விரலையும் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. 2017 நவம்பரில் தோஹாவிலிருந்து பாலித் தீவுக்குப் போன கத்தார் ஏர்வேஸ் விமானம் ஒன்று நம் சென்னையில் வந்து இறங்கியது. இயந்திரக் கோளாறு இல்லை. தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை எடுத்து வைத்து மனைவி அவர் போனைத் திறந்துவிட்டார். அதில் பார்த்தது பெரும் ரகளையாகி, குடும்பத்தையே சென்னையில் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பத்தின் கதை நமக்கு வேண்டாம்; பிறர் குறையைக் கிளறுவது நம் வேலை அல்ல. அந்த விரலை மட்டும் பாருங்கள். நம்பர் மனதில் இருக்கிறது, தூங்கினால் வெளியே வராது. விரல் உடம்பில் இருக்கிறது, தூங்கும்போது அது யாருக்கும் கிடைக்கும்.

அடுத்தவர் வீட்டு வாசலில் சலாம் சொல்லி, அனுமதி கிடைத்தால்தான் உள்ளே போகவேண்டும் என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். போனும் இன்றைக்கு ஒரு வீடுதான். கணவன் மனைவி போனையும், மனைவி கணவன் போனையும், பெற்றோர் வளர்ந்த பிள்ளையின் போனையும் விரலைப் பிடித்துத் திறப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். தூங்குகிறவர் விரலைத் தூக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு விதம். விளையாட்டுக்காகத் தங்கள் விரலையும் அத்தாவின் போனில் பதிந்துகொள்கிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம். போனுக்கு எது அத்தா விரல், எது பிள்ளை விரல் என்று தெரியாது. பதிந்த விரலா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். பல வங்கிச் செயலிகளை விரலாலேயே திறக்கலாம். 2025 அக்டோபரிலிருந்து யு.பி.ஐ.யில் பின் நம்பருக்குப் பதிலாக விரலோ முகமோ வைத்துப் பணம் அனுப்பவும் வழி வந்திருக்கிறது. அதனால் வீட்டுக்குப் போனதும் செட்டிங்ஸில் எத்தனை விரல் பதிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். யாருடையது என்று தெரியாத விரலை அழித்துவிடுங்கள்.

பல பெரியவர்கள் கேட்கும் கேள்வி: 'நம் ரேகை எல்லாம் கம்பெனிக்காரனுக்குப் போய்விடுகிறதாமே?' ஒழுங்கான போன்களில் அப்படிப் போவதில்லை. ரேகையின் படம் அல்ல, அதிலிருந்து எடுத்த கணக்கு ஒன்று, போனுக்குள்ளேயே தனியாகப் பூட்டிய பகுதியில் இருக்கும். ஆதார் அப்படி அல்ல. அதில் நம் பத்து விரல் ரேகையும் இரண்டு கருவிழியும் முகமும் அரசின் மையத்தில் இருக்கின்றன, ஒவ்வொரு முறையும் அங்கே கேட்டுத்தான் சரிபார்ப்பார்கள். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையிலிருந்து போலி விரல் செய்த மோசடிகள் தெலங்கானா உட்படச் சில மாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. ஆதார் ரேகையைப் பூட்டிவைக்க ஆதார் இணையதளத்திலேயே இலவச வசதி உண்டு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மாதாமாதம் ரேகை வைக்க வேண்டியிராதவர்கள் அதைப் பூட்டிவைப்பது நல்லது.

இப்போது நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

விரல் பூட்டின் சாவி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாவி நம்பர்தான். விரல் அந்தச் சாவியை நமக்காகத் திருப்பும் வேலைக்காரன். போனை அணைத்துப் போட்டால் முதலில் நம்பரைத்தான் கேட்கும். ஆண்ட்ராய்டு போனில் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கேட்கும். ஐபோனில் 48 மணி நேரம் திறக்காமல் இருந்தால் கேட்கும். ஐந்து தடவை விரல் தப்பினாலும் கேட்கும். விரலையே வைத்துப் பழகி, நம்பரை மறந்துபோன பெரியவர்கள் நம்மில் உண்டு. பேரன் வைத்துக்கொடுத்த நம்பர், பேரன் இப்போது துபாயில்.

நம் ஜமாஅத்தில் சில காலம் முன்பு ஒரு சகோதரர் மாரடைப்பில் வஃபாத்தானார். ஊரும் பெயரும் வேண்டாம். கொடுக்கல் வாங்கல் உள்ளவர், நேர்மையானவர், எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர். முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். கடைசி சில வருடங்களாகப் போனில். ஜனாஸாத் தொழுகைக்கு முன் வழக்கப்படி மகன் எழுந்து, 'என் அத்தா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு' என்றார். மூன்று பேர் வந்தார்கள். ஒருவரிடம் சீட்டு இருந்தது. இரண்டு பேரிடம் வாய் வார்த்தைதான். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு திரும்பியது என்று பார்க்கவேண்டிய இடம் பூட்டிய போனுக்குள். அவருக்கு வரவேண்டியதும் அதற்குள்தான். அது யாரிடம் என்றுகூட வீட்டுக்குத் தெரியாது. வாங்கியவர்களும் வந்து சொல்லவில்லை.

குளிப்பாட்டும் இடத்திலேயே உறவுக்காரப் பையன் ஒருவன் என் காதருகில் வந்து, 'விரலை ஒரு தடவை வெச்சுப் பாத்துடலாமா மாமு?' என்று கேட்டான். அவன் கெட்டவன் அல்ல, பதறிப்போய்க் கேட்டான். ஹஜ்ரத் வேண்டாமென்று தலையசைத்தார். மய்யித்தின் கண்ணியம் ஒரு பக்கம். இன்னொன்று, அது திறந்திருக்கவும் வாய்ப்பு மிகக் குறைவு. உயிருள்ள தோலில் இருக்கும் ஈரமும் மின்தன்மையும் போன பிறகு பல போன்களுக்கு அது விரலே இல்லை. 2018இல் அமெரிக்காவின் புளோரிடாவில் போலீசார் ஈமக் கூடம்வரை போய் இறந்தவர் விரலை வைத்துப் பார்த்தும் திறக்கவில்லை. ஊரே அவர்களைத் தூற்றியதுதான் மிச்சம்.

பிறகு மகன் தெரிந்த நம்பரையெல்லாம் அடித்துப் பார்த்தார். பிறந்த தேதி, வீட்டு நம்பர், வண்டி நம்பர். தப்பாக அடிக்க அடிக்கக் காத்திருக்கும் நேரம்தான் கூடியது. மொபைல் கடைக்காரர் உள்ளதைச் சொன்னார்: 'போனைத் திறந்து தரலாம், உள்ளே ஒன்றும் இருக்காது.' அழித்துத்தான் திறக்க முடியும். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. நம்பர் இல்லாமல் அதைப் படிக்கக் கடைக்காரரால் ஆகாது. நமக்குப் பாதுகாப்பாக வைத்த பூட்டு, நம் வாரிசுகளையும் வெளியே நிறுத்துகிறது. மகன் கடைசியில் மூன்று பேருக்கும் அவர்கள் சொன்ன தொகையைக் கொடுத்தார். தன் தங்கை கல்யாணத்துக்கு இருந்ததில் எடுத்துக் கொடுத்தார்.

ஷரீஅத்தில் வரிசை நமக்குத் தெரியும். இறந்தவர் விட்டுப்போனதில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், அதன் பிறகுதான் வாரிசுகளின் பங்கு. இரண்டாவது படியிலேயே கணக்குத் தெரியாமல் நின்றால் மற்றதெல்லாம் எப்படிச் சரியாகும்? குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிவைப்பது பற்றியது. எழுதிவைத்தாகிவிட்டது, படிக்கத்தான் வழியில்லை என்ற நிலை நம் காலத்தில் வந்திருக்கிறது.

ஆகவே ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். போன் திறக்கும் நம்பர், கூகுள் கணக்கின் முகவரி, தரவேண்டிய கடன், வரவேண்டிய கடன், அமானத்தாக வைத்திருக்கும் பிறர் பொருள், எந்தெந்த வங்கி, இன்சூரன்ஸ், அதற்கு யார் நாமினி. உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். மனைவி, கணவர், மூத்த பிள்ளை, உடன்பிறந்தவர், யாராகவும் இருக்கலாம். உங்கள் உயிருள்ளவரை பிரிக்கக் கூடாது என்பது அவருக்கு அமானத். நம்பரை மாற்றினால் தாளையும் மாற்றவேண்டும். வருடா வருடம் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போது இதையும் புதுப்பித்துவிடுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

யு.பி.ஐ. பின் நம்பரை அந்தத் தாளில் எழுதாதீர்கள். பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். இறந்தவர் கணக்கிலிருந்து போன் வழியாகப் பணத்தை எடுத்துக்கொள்வது சட்டப்படியும் கூடாது, மற்ற வாரிசுகளின் ஹக்கிலும் கை வைப்பது. மகன் எடுத்ததில் மகளின் பங்கும் தாயின் பங்கும் இருக்கிறது. போன் திறக்கவில்லை என்பதால் வங்கிப் பணம் போய்விடாது. இறப்புச் சான்றிதழோடு நாமினி போனால் கிடைக்கும். நாமினி வாங்கினாலும் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டியவர்தான்.

தாளில் எழுத மனம் வராதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. கூகுள் கணக்கை 3 மாதத்திலிருந்து 18 மாதம்வரை, நாம் குறிக்கும் காலம் பயன்படுத்தாமல் இருந்தால் நாம் சொன்ன ஆளுக்குத் தகவலை அனுப்பும்படி வைக்கலாம். ஐபோனில் 2021 டிசம்பரிலிருந்து 'நமக்குப் பின் இவர்' என்று ஒருவரைக் குறித்துவைக்கலாம். ஆனால் ஜனாஸாவன்று வந்து நிற்கும் கடன்காரருக்கு மூன்று மாதம் கழித்து வரும் பதில் உதவாது. தாளே நல்லது.

விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையில் தினம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. பூட்டிய போனிலும் 'அவசரம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் இரத்த வகையையும் வீட்டில் ஒருவரின் நம்பரையும் முன்கூட்டியே பதிந்துவைத்தால், வழியில் நிற்பவர் பூட்டைத் திறக்காமலே பார்த்து அழைக்கலாம். இரண்டு நிமிட வேலை.

வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள். பெண்களுக்கு மதரஸா மாடியில் தனியாக ஏற்பாடு உண்டு. விரல் புதிதாகப் பதிவது, தெரியாத விரலை அழிப்பது, அவசரத் தகவல் வைப்பது, ஆதார் பூட்டுவது எல்லாம் செய்து தருவார்கள். போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். நம்பரை அவர்களிடம் சொல்லாதீர்கள், நீங்களே அடியுங்கள். மறந்துவிட்டவர்கள் துபாயில் இருக்கும் பேரனிடம் சனிக்கிழமையே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உறையும் தாளும் நாங்கள் தருவோம். எழுதி ஒட்டிய உறையை டிரஸ்ட் வாங்கி வைக்காது, அது உங்கள் வீட்டில் இருக்கவேண்டியது.

வஸ்ஸலாம்.